ஓதம் ஏறி இருண்டுபோன கார் ஷெட்டைக் குறைந்த செலவில் மீட்பது எப்படி?

ஈரவாடை அடிக்கும் கார் ஷெட்டைச் சரிசெய்ய நினைத்ததும் பலரும் முதலில் வாங்குவது பெயின்ட். காசு வீணாவதும் அங்கேதான். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அடித்த பெயின்ட் அடுத்த மழைக்காலத்துக்குள் கொப்புளம் கட்டி, பொருக்கு பொருக்காக உதிர்ந்துவிடும். கையில் பணம் குறைவாக இருக்கும்போது வேலையின் வரிசைதான் மிச்சம் பிடித்துத் தரும். தண்ணீரை வெளியிலேயே நிறுத்துங்கள், சுவரைக் காயவிடுங்கள், பழுது பாருங்கள். வெள்ளையடிப்பு, தரை, விளக்கு எல்லாம் அதற்குப் பிறகு. முதல் இரண்டு வேலைகளுக்கும் பெரும்பாலும் உடலுழைப்பு மட்டுமே செலவு.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

முதலில் ஷெட்டைக் காலி செய்யுங்கள். சுவரில் சாய்த்து வைத்த பலகைக்குப் பின்னாலும், அட்டைப் பெட்டிகளுக்கு அடியிலும்தான் உண்மையான தடயங்கள் இருக்கும். பிறகு கறைகளைக் கவனியுங்கள்.

மேலிருந்து கீழ்நோக்கிப் பரவிய பழுப்புக் கறை, மழை பெய்த சில மணி நேரத்தில் கருக்கிறதென்றால் கூரையோ கூரைப் பீலியோ ஒழுகுகிறது. தரையிலிருந்து ஏறி, ஒரு மீட்டர் உயரத்துக்குள் அலையலையான கோட்டில் நின்று, அந்தக் கோட்டையொட்டி வெள்ளை உப்பு பூத்திருந்தால் நிலத்து ஈரம் சுவரின் நுண்துளைகள் வழியே ஏறுகிறது. சுவரின் நடுவில் ஒரே ஓர் இடம் மட்டும் நனைந்திருந்தால் அதற்கு நேர் வெளியே போய்ப் பாருங்கள். விரிசல், உடைந்த குழாய், குவித்து வைத்த மண் என்று ஏதாவது ஒன்று அங்கே இருக்கும். வாசலையொட்டி மட்டும் தரை நனைந்தால் மழைநீர் ஷட்டருக்கு அடியில் நுழைகிறது.

ஐந்தாவது வகைதான் அதிகம் ஏமாற்றுவது. மழையே இல்லாத நாளிலும் தரை வியர்த்திருக்கும், இரும்புக் கருவிகளின் மேல் பனித்துளி போல நீர் படிந்திருக்கும். வெதுவெதுப்பான ஈரக்காற்று உள்ளே வந்து குளிர்ந்த தரையைத் தொட்டதும் அதிலுள்ள நீராவி நீராகப் படிவதால் வருவது இது. பார்வைக்கு நிலத்திலிருந்து ஊறும் ஈரம் போலவே தெரியும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு பிளாஸ்டிக் தாள் போதும். 45 செ.மீ. சதுரத்தில் தடிமனான, தெளிவான பாலிதீன் தாளை வெட்டி, துடைத்துக் காயவைத்த தரையில் பரப்பி, நான்கு ஓரங்களையும் இடைவெளி இல்லாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒன்றை ஷெட்டின் நடுவிலும் இன்னொன்றைச் சுவரோரத்திலும் ஒட்டுவது நல்லது. வெயில் நேரடியாகப் படும் இடம் வேண்டாம். ஒரு முழு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கு அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, அந்த இடத்துத் தரை மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் தரையிலிருந்து வருகிறது. தாளின் மேல்புறம் நனைந்து அடிப்புறம் காய்ந்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் இரண்டுக்குமே வைத்தியம் தேவை. இரண்டும் காய்ந்திருந்தால் இப்போதைக்குச் சரி, மழைக்காலத்தில் ஒருமுறை திரும்பச் செய்து பாருங்கள். சுவருக்கு இதே சோதனையை அலுமினியத் தாளால் செய்யலாம். டேப் பிடிக்க வேண்டிய ஓரங்களை மட்டும் ஹேர் டிரையரால் உலர்த்திக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். காற்றிலிருந்து படியும் ஈரத்துக்கு எவ்வளவு விலையுயர்ந்த வாட்டர்புரூஃப் பூச்சு அடித்தாலும் அந்தப் பூச்சின் மேலேயே நீர் படியும். நிலத்திலிருந்து ஊறும் ஈரத்துக்கு, ஈரம் உறிஞ்சும் கருவியை இரவும் பகலும் ஓடவிட்டால் கரண்ட் கட்டணம்தான் ஏறும்.

வெளியே செய்ய வேண்டியவை

கூரைப் பீலியில் சேர்ந்த இலையையும் மண்ணையும் அள்ளிவிட்டு, மேல்முனையில் இரண்டு வாளி நீர் ஊற்றிப் பாருங்கள். நீர் தேங்கும் இடத்தில் வாட்டம் போதவில்லை, தாங்கியைச் சற்று உயர்த்தியோ தாழ்த்தியோ மாட்டுங்கள். இணைப்பில் சொட்டினால் அதை நன்றாகக் காயவைத்து, பழைய பசையைச் சுரண்டி எடுத்த பிறகு புது சீலன்ட் வையுங்கள். ஈரத்தின் மேல் வைத்த சீலன்ட் சீக்கிரமே உரிந்து வந்துவிடும்.

கீழிறங்கும் குழாய் சுவரடியிலேயே நீரைக் கொட்டுகிறது என்றால் பிரச்சினையின் பெரும்பகுதி அங்கேதான். ஒரு வளைவும் ஒரு துண்டுக் குழாயும் மாட்டி, நீர் சுவரிலிருந்து ஒன்றரை முதல் 2 மீட்டர் தள்ளி விழும்படி செய்யுங்கள். இந்த முழுப் பட்டியலிலும் போட்ட காசுக்கு அதிகப் பலன் தருவது இந்தத் துண்டுக் குழாய்தான்.

அடுத்து மண்மட்டம். ஷெட்டுக்கு வெளியே உள்ள மண், உள்தரையை விட 15 செ.மீ. ஆவது தாழ்ந்திருக்க வேண்டும். சுவரையொட்டி அடுக்கிய விறகு, மணல் குவியல், செடிகளுக்குப் போட்ட பாத்தி எல்லாவற்றையும் விலக்குங்கள். சுவரிலிருந்து வெளிப்பக்கமாக மீட்டருக்கு 5 செ.மீ. வீதம் இரண்டு மூன்று மீட்டர் தூரத்துக்கு வாட்டம் கொடுங்கள். அதற்குக் களிப்பான மண்ணைப் போட்டு இடித்து இறுக்க வேண்டும். மணலோ சரளையோ போட்டால் நீர் ஓடாமல் நேராகக் கீழிறங்கிச் சுவரடிக்கே போகும்.

வாசலில் நீர் நுழைந்தால், ஷட்டரின் அடி ரப்பரை மாற்றி, தரையில் ஒட்டும் ரப்பர் தடுப்புப் பட்டையும் போடுங்கள். ஷட்டரை மூடி, அடி ரப்பர் தரையைத் தொடும் கோட்டைச் சாக்பீஸால் வரையுங்கள். கம்பி பிரஷால் தேய்த்துத் தூசி நீக்கி, பட்டையின் இரண்டு விளிம்பிலும் பசையை இடைவிடாத கோடாக வைத்து ஒட்டி, அது இறுகும்வரை காரை ஏற்றாதீர்கள். ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: பட்டை போட்ட பிறகு உள்ளே கழுவிவிடும் நீரும் வெளியே போகாது. வெளித்தரை முழுவதுமே ஷெட்டை நோக்கிச் சரிந்திருந்தால் பட்டை மட்டும் போதாது. வாசலின் குறுக்கே மூடி போட்ட வடிகால் தேவைப்படும்.

தகரக் கூரை என்றால் திருகாணிகளின் ரப்பர் வாஷர்கள் வெடித்திருக்கின்றனவா பாருங்கள். பெரும்பாலான ஒழுகல்கள் வாஷரை மாற்றினாலே நின்றுவிடும். பழைய சிமென்ட் ஷீட் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதைத் துளையிடாதீர்கள், அறுக்காதீர்கள், கம்பி பிரஷால் தேய்க்காதீர்கள், பிரஷர் நீரும் அடிக்காதீர்கள். உடைந்திருந்தால் அதற்கென்று பயிற்சி உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.

காற்றோட்டம்

ஒரு சுவரில் கீழேயும் எதிர்ச்சுவரில் மேலேயும் செங்கல் அளவில் இரண்டிரண்டு துளைகள் வைத்து, எலி நுழையாதபடி 6 மி.மீ. கண் உள்ள கம்பிவலை அடித்தால் காற்று தானாக ஓடும். ஆனால் எப்போதும் திறந்து வைப்பது நல்லது என்று நினைக்க வேண்டாம். வெளிக்காற்று வெப்பமாகவும் ஈரமாகவும் இருக்கும் நாளில் ஷட்டரைத் திறந்தால் குளிர்ந்த தரை இன்னும் வியர்க்கும். விலை குறைந்த ஈரப்பதமானி ஒன்றை உள்ளே மாட்டுங்கள். அளவை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் துருவும் பூஞ்சணமும் வெகுவாகக் குறையும். கதவைத் திறந்த அரைமணியில் அளவு இறங்கினால் அது சரியான நேரம், ஏறினால் மூடிவிடுங்கள்.

மழையில் நனைந்த காரை நேராக உள்ளே கொண்டுவந்தால் கூடவே லிட்டர் கணக்கில் நீரும் வருகிறது. வெளியே சற்று நேரம் நிறுத்தி வடியவிட்டு உள்ளே விடுங்கள். கால்சியம் குளோரைடு போட்ட ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் மூடிய அலமாரிக்குள் மட்டுமே வேலை செய்யும். முழு ஷெட்டுக்கு அவை போதவே போதாது. கம்ப்ரசர் வைத்த ஈரநீக்கி வாங்குவதென்றால் அது 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மந்தமாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அதை ஓட்டும்போது துளைகளை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியுலகத்தையே உலர்த்த முயன்றுகொண்டிருக்கும்.

எவ்வளவு காற்றோட்டம் இருந்தாலும், ஷட்டர் திறந்தே இருந்தாலும், ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

சுவர்

பூஞ்சணம் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி மூன்றும் அணிந்து, சோப்பு நீரில் நனைத்த பிரஷால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். உலர்ந்த பூஞ்சணத்தைச் சுரண்டினால் அதன் வித்துகள் ஷெட் முழுக்கப் பறக்கும். கறை போகாவிட்டால் 16 பங்கு நீருக்கு 1 பங்கு பிளீச் திரவம் கலந்து தடவலாம். பிளீச்சோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ அமோனியா உள்ள கிளீனரையோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். பூஞ்சணம் ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால் அது தெரிந்தவர்கள் கையில் விட வேண்டிய வேலை.

உப்புக்கு நேர்மாறான முறை. உலர்ந்த பிரஷால் தேய்த்து, உதிர்ந்த தூளைக் கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். நீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் இறங்கி, காய்ந்ததும் திரும்பப் பூக்கும். ஒவ்வொரு வாரமும் தேய்த்தெடுத்து, புதிதாகப் பூப்பது குறைந்துகொண்டே வருகிறதா என்று பாருங்கள். குறைந்தால் வெளியே செய்த வேலை பலிக்கிறது. குறையவில்லை என்றால் பூச்சு வேலைக்குப் போகாதீர்கள், நீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

மழைநீரை விலக்கியும் அடிச்சுவரில் ஈரம் ஏறினால், அந்தச் சுவருக்கு ஈரத்தடுப்புப் படலம் இல்லை, அல்லது பழுதாகியிருக்கிறது. சிலேன் க்ரீம் (சுவருக்குள் பரவி நீரை விலக்கும் பசை) செலுத்தி நாமே ஒரு தடுப்பை உண்டாக்கலாம். தரைக்குச் சற்று மேலே, செங்கல் வரிசைகளுக்கு இடையே உள்ள ஒரே கலவை வரிசையில், 12 செ.மீ.க்கு மிகாத இடைவெளியில், 12 மி.மீ. துளைகளை மறுபுறத்துக்கு 4 செ.மீ. முன்புவரை போட்டு, தூளை ஊதி வெளியேற்றி, துளையின் அடியிலிருந்து வாய்வரை க்ரீமை நிரப்ப வேண்டும். செங்கல்லில் துளை போட்டு நிரப்பினால் க்ரீம் போக வேண்டிய வழியில் போகாது. ஈரம் ஏறுவது பெரும்பாலும் கலவை வரிசைகள் வழியாகத்தான்.

சுத்தியல் கைப்பிடியால் பூச்சைத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றொலி வரும் இடமெல்லாம் உள்ளே விட்டுப்போனவை. கறை நிற்கும் கோட்டுக்கு மேல் 30 செ.மீ. வரை கொத்தி எடுங்கள், உப்பு அதுவரை ஊறியிருக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டுங்கள்.

இனி பொறுமைதான் வேலை. கட்டுமானம் ஏறக்குறைய 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்ற வேகத்தில்தான் காயும். 22 செ.மீ. கனமுள்ள சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் நாலைந்து மாதம் பிடிக்கும். அந்த நேரத்தில் கூரை, ஷட்டர், விளக்கு வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் போட்டு அவசரமாகக் காய வைத்தால் மேற்பரப்பு மட்டும் உலர்ந்து, ஏமாந்துபோவீர்கள்.

விரிசலின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டு, தேதியும் அகலமும் பக்கத்தில் எழுதி வையுங்கள். 5 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, மாதங்களில் விரிந்துகொண்டே போனாலோ, படிக்கட்டு போலச் செங்கல் வரிசைகளில் இறங்கினாலோ பொறியாளரைக் கூப்பிடுங்கள். அசையாத சின்ன விரிசலை உளியால் ஒரு செ.மீ. அகலத்துக்கு, வாயைவிட உள்பக்கம் சற்று அகன்றிருக்கும்படி வெட்டித் திறந்து, தூசி நீக்கி, நனைத்து, கலவையை அழுத்தி அடையுங்கள். வாய் மட்டும் அகலமாக வெட்டினால் அடைப்பு கழன்று விழும். நீர் கசிந்துகொண்டிருக்கும் துளைக்கு, சில நிமிடங்களில் இறுகும் ஹைட்ராலிக் சிமென்டைக் கைப்பிடியளவு மட்டும் பிசைந்து, வைத்து அழுத்தி, இறுகும்வரை கையை எடுக்காதீர்கள்.

கொத்திய இடத்துக்கு சிமென்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற கலவை ஏற்றது. சிமென்ட் அதிகம் போட்டால் உறுதி என்று தோன்றும், ஆனால் அது சுவரைவிட இறுகிச் சுருங்கி விரிசல் விடும், ஈரத்தையும் உள்ளே பூட்டிவிடும். ஒரு கோட்டுக்கு, அதாவது ஒருமுறைப் பூச்சுக்கு, 10 முதல் 12 மி.மீ. போதும். ஒரு வாரம் நீர் தெளித்துப் பதப்படுத்துங்கள்.

மேல்பூச்சுக்குச் சுண்ணாம்பை மிஞ்ச எதுவும் இல்லை. விலை குறைவு, நீராவியை வெளியே விடும், அதன் காரத்தன்மையில் பூஞ்சணம் எளிதில் வளராது, கண்ணைப் பறிக்கும் வெள்ளையும் கொடுக்கும். நீற்றிய சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, துணியில் வடிகட்டி, சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக அடியுங்கள். அடிக்கும்போது கண்ணாடி போல ஒன்றுமே தெரியாது, காயக் காய வெளுக்கும். வெளுக்கவில்லையே என்று திக்காக அடிப்பவர்களின் சுவர்தான் பிளந்து பொடியாக உதிர்கிறது. நாளுக்கு ஒன்றாக நான்கு கோட்டு, ஒவ்வொன்றுக்கும் முன் லேசாக நனைத்து. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்றுத்தான் கல்லாக இறுகுகிறது, அதற்கு ஈரம் வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 20 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

எமல்ஷனோ எனாமலோ ஏற்கெனவே அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. முழுக்கச் சுரண்ட முடியாவிட்டால், நீராவியை விடும் மேட் எமல்ஷனை அடியுங்கள். எண்ணெய் எனாமல் கூடவே கூடாது. வெளிமண் உயர்ந்திருந்து, தாழ்த்தவே வழியில்லாத சுவருக்கு மட்டும் சிமென்ட் வகை வாட்டர்புரூஃப் கலவை தேவை. அது நனைந்த சுவரின் துளைகளுக்குள் இறங்கிக் கடித்துக்கொள்வதால் பின்னாலிருந்து தள்ளும் நீரைத் தாங்கும். ரப்பர் போல நீளும் பூச்சுகளை அதே நீர் பலூனாக ஊதி உரித்துவிடும். முதல் பூச்சைக் கிடையாகவும் இரண்டாவதை நெடுக்காகவும் அடியுங்கள்.

தரை

எண்ணெய்க் கறையின் மேல் மரத்தூளோ சிமென்ட் பொடியோ தூவி ஓரிரவு விட்டுக் கூட்டுங்கள். பிறகு வெந்நீரில் கரைத்த சலவைச் சோடாவை ஊற்றி, கடினமான பிரஷால் தேய்த்து அலசுங்கள். காய்ந்ததும் சில துளி நீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, அங்கே எந்தப் பூச்சும் பிடிக்காது. தரை கறுத்து நீரை உறிஞ்சினால் தயார்.

பிளாஸ்டிக் தாள் சோதனையில் தரைக்கு அடியிலிருந்து ஈரம் வந்ததா? எபாக்ஸி (பிசினும் இறுக்கியும் கலந்து அடிக்கும் தரைப் பூச்சு) வேண்டாம். அடியிலிருந்து வரும் ஈரம் அதைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். சோடியம் சிலிகேட் அல்லது லித்தியம் சிலிகேட் கரைசலை அடித்தால் போதும். கான்கிரீட்டின் சுண்ணாம்போடு வினைபுரிந்து மேற்பரப்பை இறுக்கும், புழுதி எழும்புவது நிற்கும், ஈரத்தையும் அடைக்காது. செலவும் எபாக்ஸியை விடக் குறைவு.

தரை உண்மையிலேயே காய்ந்திருந்தால் இரண்டு பகுதி எபாக்ஸி நல்ல முதலீடு. ஒற்றை டப்பா அக்ரிலிக் தரைப் பெயின்ட் கார் நிறுத்தும் இடத்துக்கு ஆகாது. ஓடிவந்த சூடான டயர் அதன் மேல் நின்று குளிரும்போது ஒட்டிப் பிடித்து, காரை எடுக்கையில் பெயின்டையும் கையோடு உரித்துக்கொண்டு போகும்.

எபாக்ஸி தோற்பது பெரும்பாலும் அடித்தள வேலையில். தரை சொரசொரப்பாக, நடுத்தர உப்புத்தாள் போல இருக்க வேண்டும். அரைத்தோ, சிட்ரிக் அல்லது பாஸ்பாரிக் அமிலக் கரைசலால் பொறித்தோ அப்படி ஆக்கலாம். நீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும், அமிலத்தில் நீரை அல்ல. பிறகு சமையல் சோடாக் கரைசலால் நடுநிலைப்படுத்தி, இரண்டு முறை அலசி, நன்றாகக் காயவிடுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மலிவுதான், ஆனால் அதன் ஆவி ஷெட்டிலுள்ள ஷட்டர், கருவி, திருகாணி எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்கும்.

புதுத் தரை என்றால் 28 நாள் ஆன பிறகே கை வையுங்கள். இரண்டு பகுதிகளையும் டப்பாவில் சொன்ன விகிதத்தில், பக்கங்களைச் சுரண்டிவிட்டு, மெதுவாகச் சுழலும் டிரில்லில் 3 நிமிடம் கலக்குங்கள். கலந்ததை வாளியில் வைத்திருந்தால் தானே சூடேறி இறுகிவிடும், உடனே தரையில் ஊற்றிப் பரப்ப வேண்டும். உள்மூலையில் தொடங்கி வாசலில் முடியுங்கள். இரண்டாம் கோட்டு ஈரமாக இருக்கும்போதே சலித்த உலர் மணலைத் தூவினால் மழைநாளில் வழுக்காது. ஒரு நாளில் நடக்கலாம், கார் ஏற்ற ஒரு வாரம் காத்திருங்கள்.

வெளிச்சம்

சுவரும் உட்கூரையும் வெள்ளையானதுமே பாதி இருட்டு போய்விடும். ஒரு கூரைத் தகட்டைக் கழற்றி, அதே வளைவுள்ள ஒளிபுகும் பாலிகார்பனேட் ஷீட் போட்டால் பகலில் விளக்கே தேவைப்படாது.

பொது வெளிச்சத்துக்குச் சதுர மீட்டருக்கு 300 லுமென் கணக்கு. 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்றால் 5,400 லுமென். நாலடி எல்இடி குழல்விளக்கு ஒன்று 2,000 லுமென் தரும், மூன்று போதும். நடுவில் வரிசையாக மாட்டாதீர்கள். காரின் கூரைதான் பிரகாசிக்கும், நீங்கள் வேலை செய்யும் பக்கம் நிழலாகிவிடும். பக்கத்துக்கு ஒன்றாக நீளவாக்கிலும், மூன்றாவதை வேலை மேசைக்கு மேலும் மாட்டுங்கள். 4,000 முதல் 5,000 கெல்வின் நிறம் ஏற்றது. ஈரமான இடமாதலால் தூசியும் நீரும் புகாத ஐபி65 தர விளக்குகளையே வாங்குங்கள். மின்சுற்றில் மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும், அதனால் பிளக் பாயின்ட்களைத் தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேலேயே வையுங்கள். வயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதில் மிச்சம் பார்க்க வேண்டாம்.

சாமான்களைத் திரும்ப அடுக்கும்போது

அட்டைப் பெட்டி ஒன்றுகூடத் திரும்ப உள்ளே வரக்கூடாது. ஈரத்தைக் குடித்துப் பூஞ்சணத்துக்குத் தீனி போடுவது அதுதான். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களைப் பயன்படுத்துங்கள். துளையிட்ட ஆங்கிள் இரும்பில் செய்த ராக்குகள் மலிவானவை. சுவரிலிருந்து 5 செ.மீ., தரையிலிருந்து 15 செ.மீ. விட்டு நிறுத்துங்கள், பின்னால் காற்று ஓடட்டும், கூட்டிப் பெருக்கவும் வரட்டும். கருவி மாட்டும் துளைப்பலகையைச் சுவரோடு ஒட்டி அடிக்காமல் 25 மி.மீ. கட்டை வைத்து அடியுங்கள். மீந்த சிமென்ட் மூட்டையைத் தரையில் போட்டால் கல்லாகிவிடும், தட்டின் மேல் பாலிதீனில் சுற்றி வையுங்கள். உளி, ரம்பம் போன்றவற்றை எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து மாட்டுங்கள். அந்தத் துணி ஆளி விதை எண்ணெயிலோ மர வார்னிஷிலோ நனைந்ததாக இருந்தால் சுருட்டி எறியாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பையில் சேருங்கள்.